தில்லியில் ஒரே ஒரு குளிர்கால நாள்: எந்தப் பக்கம் நடக்கலாம்?

அரையாண்டுத் தேர்வு லீவு நெருங்கினால் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஆக்ராவுக்கு ஒரு நாள், தில்லிக்கு ஒரு நாள் வெச்சிருக்கோம். தில்லியில என்னென்ன பாக்கலாம்?" கேட்பவர் கையில் டிராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கும். செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், பிர்லா மந்திர், குதுப் மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், எல்லாம் ஒரே நாளில், ஒரே வேனில். பகல் நீளமான மாதங்களிலேயே இது நடக்காத காரியம். டிசம்பர் கடைசியில் சூரியன் காலை ஏழேகால் வாக்கில்தான் எழும், மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். அந்த நாட்களில் இந்தப் பட்டியலோடு கிளம்பினால் பாதி இடத்தை வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும்.

என் யோசனை இது: வேனை விடுங்கள். ஊரின் ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மெட்ரோவில் போய் இறங்கி அன்றைக்கு முழுக்க அங்கேயே நடங்கள். மே, ஜூனில் 44, 45 டிகிரி கொளுத்தும்போது தில்லியில் பகலில் நடக்கவே முடியாது. இந்த ஊரைக் காலால் பார்க்கக் கிடைக்கும் மாதங்கள் குறைவு, அதில்தான் நீங்கள் வருகிறீர்கள். அப்படி நடக்க நான்கு பக்கங்கள் இருக்கின்றன: இந்தியா கேட்டும் கர்தவ்யா பாத்தும் ஒன்று, பழைய தில்லி ஒன்று, குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலி ஒன்று, லோதி தோட்டத்தில் ஆரம்பித்து ஹுமாயூன் கல்லறை வழியாக நிஜாமுதீன் வரை போவது ஒன்று. எது உங்களுக்கு என்பது யாரோடு வருகிறீர்கள், என்ன தேதி, என்ன கிழமை என்பதைப் பொறுத்து மாறும். இந்தக் கிழமை விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை, அதனால் அதைப் பற்றியும் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வெயில். நம் ஊரில் எங்கே போனாலும் நிழல் உண்டா என்று பார்த்துத்தான் பழக்கம். தில்லிக் குளிரில் அதை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும், வெயில் விழும் இடம் எது, எத்தனை மணிக்கு விழும் என்பதே கணக்கு. செய்தியில் 5 டிகிரி, 6 டிகிரி என்று சொல்வதெல்லாம் விடியற்காலை நிலவரம். நன்றாக வெயில் அடித்தால் மதியம் 20 டிகிரி வரைகூடப் போகும், ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதே மதியம் ஒரு கல் கட்டடத்துக்குள் நுழைந்தால், அல்லது வெயில் எட்டாத சந்துக்குள் திரும்பினால், குளிர் சட்டென்று திரும்ப வந்து பிடிக்கும். டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை மூடுபனிக் காலம். பத்தரை, பதினொன்று வரை பனி விலகாத நாட்கள் நிறைய வரும், சில நாள் முழுக்கவே விலகாது, அன்றைக்கு மதியமும் 13, 14 டிகிரியைத் தாண்டாது. ஆக, நடக்க உங்கள் கையில் இருப்பது ஆறு மணி நேரம்தான், பத்தரையிலிருந்து நாலரை வரை.

இரண்டாவது காற்று. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் அப்படியே தங்கிவிடுகிறது, அதன் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது, வண்டிப் புகையும் தூசும் குப்பை எரிக்கும் புகையும் கீழேயே மாட்டிக்கொள்கின்றன. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பும், அப்போது கொஞ்சம் தேவலை. அதனால் காலை ஆறு மணிக்கு எழுந்து வாக்கிங் போகும் நல்ல பழக்கம் உள்ளவர்கள் தில்லியில் மட்டும் அதை நிறுத்தி வைப்பது நல்லது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றைய காற்றுத் தரக் குறியீடு (AQI) தெரியும், எண் கூடக் கூடக் காற்று மோசம். 200-க்குள் இருந்தால் பெரும்பாலானவர்கள் கவலையில்லாமல் நடக்கலாம். 300-ஐத் தாண்டினால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் என்-95, துணி மாஸ்க்கால் பிரயோஜனம் இல்லை. 400-ஐத் தாண்டிய நாளில் ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் வெளியே நடக்க வைக்கக் கூடாது, எந்த இடமாக இருந்தாலும் சரி.

சரி, இடங்களுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் கேட்பது இந்தியா கேட். ராய்சினா மேட்டில் இருக்கும் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து இந்தியா கேட் வரை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர், நேர்க்கோடு, சமதளம், அகலமான நடைபாதை, இரண்டு பக்கமும் புல்வெளி. முன்பு ராஜ்பாத் என்று இருந்தது 2022 செப்டம்பரில் கர்தவ்யா பாத் ஆனது. நாள் முழுக்க வெயில் விழும் இடம், குளிர்காலத்துக்கு இது பெரிய வசதி. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடங்கலில்லாமல் போகும். இந்தியா கேட்டுக்குப் பின்னால் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள், அது வருத்தமான விஷயம். வட்டம் வட்டமாக எழும் கருங்கல் சுவர்களில் 25 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நிதானமாகப் படித்துக்கொண்டே போனால் நம் பக்கத்துப் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் தனியாக வரிசையாக இருக்கின்றன, 1987-ல் இலங்கையில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் அதில் உண்டு. பழைய அமர் ஜவான் ஜோதியையும் 2022 ஜனவரியில் இங்கே உள்ள ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் இந்தியா கேட் வளைவின் கீழே தீபத்தைத் தேடி நிற்க வேண்டாம்.

இவ்வளவு நல்ல இடத்தை நான் ஏன் முதல் தேர்வாகச் சொல்வதில்லை என்றால், காரணம் ஜனவரி. குடியரசு தின அணிவகுப்புக்கான இருக்கை மேடைகளும் தடுப்புகளும் பல நாள் முன்பே எழும்பத் தொடங்கிவிடும். புல்வெளியை அடைத்துவிடுவார்கள். ஒத்திகை நாட்களில் காலையில் சாலையையே மூடுவார்கள், 23-ஆம் தேதி முழு ஒத்திகை, 26 அணிவகுப்பு, 29 விஜய் சவுக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. அணிவகுப்பைப் பார்க்கவே டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்கு வாழ்க்கையில் மறக்க முடியாத காலை அது. மற்றவர்கள் பொங்கல் சமயத்தில் வந்து இரும்புத் தடுப்புகளை ஒட்டி நடந்துவிட்டுத் தலைநகரத்தைப் பார்த்தோம் என்று திரும்ப வேண்டியிருக்கும். டிசம்பர் முதல் பாதியில் வந்தால் இது அருமையான தேர்வு. பிப்ரவரியில் வந்தால் இன்னும் மேல், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தை அப்போது பொதுமக்களுக்குத் திறப்பார்கள், முன்பதிவு செய்துகொண்டால் போதும்.

ஜனவரியில் வருகிறவர்களும் இந்தப் பக்கத்தில் ஒரு இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோவின் நடன மங்கை அங்கேதான் இருக்கிறாள். பாடப் புத்தகத்தில் முழுப் பக்கப் படமாகப் பார்த்த அந்தச் சிலை நேரில் வெறும் 10.5 சென்டிமீட்டர், பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். சோழர் காலத்து வெண்கல நடராசரும் அங்கே இருக்கிறார். பனி விலகாத நாளுக்கும் காற்று மோசமான நாளுக்கும் இதுதான் மாற்று ஏற்பாடு. திங்கட்கிழமை விடுமுறை.

அடுத்தது பழைய தில்லி. மனதளவில் எனக்கு மிகவும் பிடித்தது இது, ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

ஷாஜகான் 1639-ல் தொடங்கி எழுப்பிய நகரம், ஷாஜகானாபாத். செங்கோட்டையின் லாகோரி வாசலிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை நேராக ஓடும் தெருதான் சாந்தினி சவுக், ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தச் சின்னத் தூரத்துக்குள் ஜைனர்களின் லால் மந்திர், அதை ஒட்டிப் பறவைகளுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி, கௌரி சங்கர் கோயில், ஒன்பதாவது சீக்கிய குரு தேக் பகதூர் 1675-ல் கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, கடைசியில் மசூதி. 2021-ல் இந்தத் தெருவைச் சீரமைத்துச் சிவப்புக் கல் பாவி, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். அதன் பிறகு நடப்பது எவ்வளவோ மேல். பறவை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், கட்டுப்போட்ட புறாக்களைப் பார்த்துவிட்டு வெளியே வரவே மனசு வராது அவர்களுக்கு.

செங்கோட்டையைப் பற்றி ஒரு விஷயம். உள்ளே போனால் முகலாய மண்டபங்களுக்கு நடுவே பொருத்தமில்லாத பெரிய பட்டாளக் குடியிருப்புக் கட்டடங்கள் நிற்கும். 1857 கலகத்தை அடக்கிய பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டுக் கட்டியவை அவை. கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபரை அவருடைய சொந்த திவான்-ஏ-காஸ் மண்டபத்திலேயே நிறுத்தி விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1945-46-ல் இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான விசாரணை நடந்ததும் இதே கோட்டையில்தான். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள் என்று கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மில் உண்டு, அவர்களுக்கு இங்கே உள்ள நேதாஜி அருங்காட்சியகம் வெறும் காட்சிக்கூடமாக இருக்காது. திங்கட்கிழமை கோட்டை மூடியிருக்கும். குடியரசு தினத்தை ஒட்டியும் பாதுகாப்புக்காகச் சில நாள் மூடுவார்கள், ஜனவரி கடைசியில் வருகிறவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. குளிர்காலத்தில் பழைய தில்லி மற்ற மூன்றையும் தோற்கடிப்பது இதில்தான். தௌலத் கி சாட் என்று ஒன்று விற்பார்கள், பாலைக் கடைந்து கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ, சர்க்கரைத் தூள், பிஸ்தா. வாயில் வைத்த நொடியில் கரைந்துவிடும். குளிர் இருந்தால்தான் அந்த நுரை நிற்கும், அதனால் வெயில் காலத்தில் கிடைக்கவே கிடைக்காது. தலையில் பெரிய தட்டோடு வருவார்கள், அல்லது மூங்கில் முக்காலியில் தட்டை வைத்துக்கொண்டு கினாரி பஜார் பக்கம் நிற்பார்கள், மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தில்லியின் சிவப்புக் கேரட்டில் செய்யும் சூடான ஹல்வா, கரியில் சுட்டு எலுமிச்சையும் மசாலாவும் பிசிறித் தரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எள்ளும் வெல்லமும் சேர்த்த கஜக், எல்லாமே இந்தப் பருவத்துக்கு உரியவை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஜாமா மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களில் காலையிலேயே நிஹாரி சாப்பிடலாம், இரவெல்லாம் வெந்த கறி. சைவக்காரர்களுக்குப் பராத்தே வாலி கலி இருக்கிறது, ஆனால் அங்கே பராத்தாவை எண்ணெயில் முங்கப் பொரித்துத்தான் தருவார்கள், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குருத்வாராவில் சூடான லங்கர் சாப்பாடு யாருக்கும் உண்டு, காசு கிடையாது.

இனி சங்கடங்கள். தலைமைத் தெருவை விட்டுச் சந்துக்குள் திரும்பினால் இரண்டு பேர் எதிர் எதிரே கடக்கவே இடம் இருக்காது, மேலே கம்பிகளும் மாடிகளும் மூடியிருக்கும், சூரியன் எட்டிப் பார்க்காது. பல்லிமாரானில் கவிஞர் காலிப் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போகும் வழி, வெள்ளி நகைக் கடைகள் நிறைந்த தரீபா கலான், எல்லாமே நண்பகலிலும் குளிரும். கடைகள் பதினொன்றுக்கு மேல்தான் முழுசாகத் திறக்கும், திறந்த அரை மணி நேரத்தில் சுமை தூக்குபவர்களும் தள்ளுவண்டிகளும் கூட்டமும் சேர்ந்துவிடும், முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவது கஷ்டம். மொத்த மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் மிளகாய் நெடி தொண்டையைப் பிடிக்கும், ஏற்கெனவே காற்று மோசமான நாளில் அங்கே போனால் இருமல் அன்றைக்கு முழுக்க விடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வாங்குவதற்காகப் போகிறவர்களுக்கு அது நஷ்டம், ஹவேலிகள் எனும் பழைய மாளிகை வீடுகளின் கதவுகளையும் மாடங்களையும் பார்க்கப் போகிறவர்களுக்கு லாபம், ஷட்டர் இறங்கிய தெருவில்தான் அண்ணாந்து பார்க்க நேரம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஜாமா மசூதி தொழுகைக்கு உரியது, சுற்றிப் பார்க்கிறவர்கள் அந்த நேரத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, செருப்பு. ஜைனக் கோயில், குருத்வாரா, மசூதி மூன்றிலும் கழற்ற வேண்டும். ஜனவரியில் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் குளிர் உள்ளங்காலிலிருந்து ஏறும், குருத்வாரா வாசலில் காலை நனைத்துக்கொண்டு வேறு உள்ளே போக வேண்டும். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். தலையை மூட ஒரு துப்பட்டாவோ கைக்குட்டையோ வேண்டும்.

ஆகவே பழைய தில்லியை நான் சொல்வது இவர்களுக்கு: கூட்டத்துக்குப் பயப்படாத நண்பர்கள் கூட்டம், சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவர்கள், பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் உள்ள குடும்பம். செவ்வாயிலிருந்து வியாழன் வரையோ சனிக்கிழமையோ போனால் எல்லாம் திறந்திருக்கும்.

மெஹ்ரோலி சுருக்கமாகச் சொல்லக்கூடியது. எல்லோரும் குதுப் மினாரைப் பார்த்து, 72.5 மீட்டர் உயரத்தை அண்ணாந்து படமெடுத்து, இரும்புத் தூணைச் சுற்றி வந்து, முக்கால் மணியில் வண்டி ஏறிவிடுகிறார்கள். (மேலே ஏற முடியாது, 1981-ல் உள்ளே நெரிசலில் 45 பேர் இறந்த பிறகு மூடியது மூடியதுதான்.) குப்தர் காலத்து அந்த இரும்புத் தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: அந்தக் கால முறையில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் தங்கிவிட்டது, அது மேலே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிவிட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் நடக்க வேண்டிய இடம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. சுமார் 200 ஏக்கர் முள்காடும் புல்லும், நுழைவுக் கட்டணம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டு சுல்தான் பல்பனின் கல்லறை, படிக்கட்டாக இறங்கும் ராஜோன் கி பாவ்லிக் கிணறு, ஜமாலி கமாலி மசூதி என்று ஒவ்வொன்றாக எதிர்ப்படும். பல நூற்றாண்டுகளின் கட்டடங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும் இந்த இடத்தில் பகல் முழுக்க வெயில், கூட்டம் மிகக் குறைவு. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் கேமராவோடு வருகிறவர்களுக்கும் நான்கிலும் இதுதான் சிறந்தது என்பேன். மற்றவர்களுக்கு இல்லை. வழிகாட்டிப் பலகைகள் போதாது, கழிப்பறையும் டீக்கடையும் அவசரத்துக்குக் கிடைக்காது, தனியாகப் போகும் பெண்களுக்கு மனநிம்மதியாக இருக்காது, நாலரைக்கு மேல் யாருமே அங்கே இருக்கக் கூடாது. மாலையில் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அங்கிருந்து ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் அதிக தூரம் இல்லை, சுவாமிநாத சுவாமியைப் பார்த்து, பக்கத்துத் தமிழ்க் குரல்களையும் கேட்டுவிட்டுத் திரும்பலாம்.

கடைசியாக லோதி–ஹுமாயூன்–நிஜாமுதீன். முதல் தடவை குளிர்காலத்தில் தில்லி வரும் ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்துக்கு, அதாவது தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாள், என்று கேட்டால் என் பதில் இதுதான். காரணங்களைச் சொல்கிறேன்.

மஞ்சள் பாதை மெட்ரோவில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கினால் லோதி தோட்டம் நடை தூரம். பத்தரை மணிக்கு அங்கே இருங்கள், அதற்கு முன்னால் போய் ஆகப்போவது ஒன்றும் இல்லை. சுமார் 90 ஏக்கர், கட்டணம் கிடையாது. 1444-ல் கட்டிய முகமது ஷா கல்லறை, படா கும்பத், நீல ஓடுகள் மிச்சமிருக்கும் ஷீஷ் கும்பத், மதில் சூழ்ந்த சிக்கந்தர் லோதி கல்லறை, எல்லாம் புல்வெளிகளுக்கு நடுவே. இங்கே இருந்த கிராமத்தவர்களை வெளியேற்றிவிட்டு 1936-ல் ஆங்கிலேயர்கள் உண்டாக்கிய பூங்கா இது, சுதந்திரத்துக்குப் பிறகுதான் லோதி பெயர் வந்தது. பனி மெல்ல விலகும்போது அந்தக் குவிமாடங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைப் பார்க்க வேண்டும். பெஞ்சுகள் உண்டு, கழிப்பறை உண்டு, பாதை சமதளம். தாத்தா ஒரு பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டு உட்காரலாம், பிள்ளைகள் புல்லில் ஓடலாம், யாரும் யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை. மற்ற மூன்று இடங்களிலும் இந்த வசதி இப்படிக் கிடைக்காது.

அங்கிருந்து ஹுமாயூன் கல்லறைப் பக்கம் போக மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். நடப்பவர்கள் லோதி சாலையில் நடக்கலாம், தெற்கே லோதி காலனிக்குள் கொஞ்சம் வளைந்து போனால் அரசு குடியிருப்புச் சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய ஓவியங்களைத் தெருத் தெருவாகப் பார்க்கலாம். பெரியவர்களை ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள். முதலில் சுந்தர் நர்சரி. புது தில்லியை உண்டாக்கிய காலத்தில் மரக்கன்று வளர்க்க வைத்திருந்த இடம், 2018-ல் பூங்காவாகத் திறந்தார்கள். குளிர்கால மதியத்தில் தில்லிக்காரர்கள் செய்வதை நீங்களும் செய்யுங்கள்: புல்லில் துணி விரித்து, வறுத்த வேர்க்கடலையும் ஆரஞ்சும் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம், இந்தப் பக்கத்து உணவகங்கள் விலை அதிகம்.

மூன்று மணிக்கு ஹுமாயூன் கல்லறைக்குள் நுழையுங்கள். நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் உள்ளே போவது மேற்கு வாசல் வழியாக, நமக்கு எதிரே தெரிவது கட்டடத்தின் மேற்கு முகம், காலையில் அது நிழலில் இருக்கும், மதியத்துக்கு மேல்தான் சிவப்புக் கல்லிலும் வெள்ளைப் பளிங்குக் குவிமாடத்திலும் வெயில் நேராக விழும். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் கல்லின் நிறம் கோடையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். தாஜ் மகால் வேலை தொடங்குவதற்கு அறுபது வருடம் முன்பே எழுந்துவிட்டது இது. நான்கு பாகமாகப் பிரித்த தோட்டம், நடுவில் உயர்ந்த மேடை, வெண் குவிமாடம் என்று தாஜில் பிற்பாடு நாம் பார்த்து வியப்பது பலவும் இங்கே முன்னாலேயே இருக்கிறது. அடுத்த நாள் ஆக்ரா போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போனால் தாஜை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: ஜனவரிக் காலையில் தாஜ் பனியில் முழுசாக மறைந்துபோவது சகஜம், அப்படி நடந்தாலும் முகலாயர்களின் மகத்தான கட்டடம் ஒன்றை நல்ல வெளிச்சத்தில் பார்த்த நிறைவு உங்களிடம் இருக்கும். 1857 செப்டம்பரில் பகதூர் ஷா ஜஃபர் தஞ்சம் புகுந்து பிடிபட்டதும் இங்கேதான். வாசலை ஒட்டிப் பூமிக்கு அடியில் 2024-ல் திறந்த அருங்காட்சியகம் குளிருக்கு ஒதுங்கவும் நல்ல இடம். கல்லறை வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும், திங்கட்கிழமை மாட்டிக்கொண்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வியாழக்கிழமையாக இருந்தால் இதோடு நிறுத்தாதீர்கள். சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் பஸ்தி. 1325-ல் மறைந்த சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா, அதே ஆண்டில் மறைந்த அவருடைய சீடர், கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதி, வழியில் காலிப்பின் கல்லறை. வியாழன் மாலை முற்றத்தில் கவ்வாலி எனும் சூஃபி பக்திப் பாட்டு நடக்கும். கூட்டம் நெருக்கும், ரோஜாவும் அகர்பத்தியும் கலந்த வாசனை, ஹார்மோனியமும் கைதட்டும் மேலே மேலே ஏறும். குளிர் மறந்துபோகும். சந்து குறுகல், கடைக்காரர்கள் செருப்பை இங்கே விடு, பூ வாங்கு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், பணிவாக மறுத்துவிட்டு நடங்கள். பெண்கள் சமாதி இருக்கும் உள் அறைக்குள் போக முடியாது, முற்றத்தில் உட்காரலாம். தாத்தா பாட்டியை இந்தக் கடைசிப் பகுதிக்கு வற்புறுத்த வேண்டாம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வசந்த பஞ்சமி சமயத்தில் வந்தால் தர்காவுக்குள் மஞ்சள் துணியும் கடுகுப் பூவுமாக வசந்த விழா நடக்கும், அதைப் பார்க்கக் கிடைத்தால் விடக் கூடாது.

இந்த வழியில் குறை என்று சொன்னால், "தில்லி போனீங்களே, இந்தியா கேட் பார்த்தீங்களா?" என்று ஊரில் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அது குறையாகத் தெரிந்தால் ஹுமாயூன் கல்லறையிலிருந்து ஆறு மணி வாக்கில் ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம், அதற்காக நாள் முழுவதையும் செலவழிக்க வேண்டியதில்லை.

உடை விஷயம் எல்லா வழிக்கும் பொது. தடிமனான ஒரே கோட்டைவிட, தெர்மல், சட்டை, ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஒன்று என்று அடுக்காகப் போடுவதுதான் சரி, மதியம் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நாலு மணிக்கு மேல் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சேலை கட்டுகிறவர்கள் உள்ளே தெர்மல் பேண்ட்டும் காலுக்கு சாக்ஸ், ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள், சேலைக்கு ஷூ நன்றாக இருக்காது என்று செருப்போடு வந்தால் அரை மணியில் விரல் மரத்துவிடும். காதை மூடுவதற்கு ஏதாவது கட்டாயம் வேண்டும். குளிரில் தாகமே தெரியாது, அதனால் பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு தடவை வெந்நீர் கொடுங்கள், பிளாஸ்க்கை யாராவது பொறுப்பாகச் சுமக்க வேண்டும்.

பதினொன்றரை வரை பனி விலகவே இல்லை என்றால் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள். நேராக தேசிய அருங்காட்சியகம் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, அசோகா சாலை ஆந்திர பவன் கேண்டீனில் சூடாகச் சோறும் பப்பும் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஹுமாயூன் கல்லறைக்கு ஆட்டோ பிடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.